முள்ளின் நுனியும் அடியும்

விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்தில் கண்டெடுக்கப்பட்ட நடுகல் ஒன்றில் வாளேந்திய வீரன் இல்லை. இருப்பது ஒரு சேவல். பக்கத்தில் வட்டெழுத்தில் பொறித்த வரி, அது முகையூர் மேற்சேரியின் கோழி என்று அடையாளம் சொல்கிறது. காலம் ஏறத்தாழ 5, 6-ஆம் நூற்றாண்டு. மதுராந்தகம் பக்கம் இந்தளூரில் கிடைத்த இன்னொரு கல்லும் சேவலுக்கு எடுத்ததுதான். அது கீழ்ச்சேரிக் கோழி. பொற்கொற்றி என்று பெயர்கூட வைத்திருக்கிறார்கள். 1993 செப்டம்பர் 30 வரை விழுப்புரமும் கடலூரும் சிதம்பரமும் தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டமாக இருந்தன. கடலூர்தான் அதன் தலைநகர். ஆகவே சேவலுக்குக் கல் நட்ட அரசலாபுரம் கடலூர்க்காரர்களுக்கு அயலூர் அல்ல. ஆநிரை மீட்கப் போய் மடிந்தவனுக்கு எடுக்கும் கல்லை ஒரு பறவைக்கும் எடுத்தார்கள் என்றால், மேற்சேரி கீழ்ச்சேரி என்று ஊரே இரண்டுபட்டு நின்ற களத்தில் அந்தப் பறவை ஒரு சேரியின் மானத்தைத் தன் காலில் சுமந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அந்தக் காலில் இருந்த ஆயுதம் முள்.

அதே முள் இன்று வேறொரு கேள்வியாக வந்து நிற்கிறது. கொல்லையில் நாலு பெட்டையும் ஒரு சேவலும் வளர்க்கும் வீட்டில் குழந்தை தவழத் தொடங்கியதும் கேள்வி எழுகிறது: சேவலின் முள்ளை வெட்டிவிடலாமா? பாய்ந்து உதைத்தால் குழந்தையின் கண் என்னாவது என்கிறார் ஒருவர். உயிருள்ள உறுப்பை அறுப்பது பாவம் என்கிறார் மற்றவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே முள்ளை ஒரே பொருளாக எண்ணிப் பேசுகிறார்கள். முள்ளுக்கு நுனி வேறு, அடி வேறு. நுனியை மழுக்குவது நகம் வெட்டுவதோடு சேரும். அடியை அறுப்பது எலும்பை அறுப்பது. முன்னதைத் தேவைப்படும்போது செய்யலாம், பின்னதை வீட்டில் யாரும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது என்பது என் முடிவு. இந்த முடிவுக்கு முள்ளின் உடலமைப்பும் ஆதாரம், முள்ளை மனிதர்கள் அறுத்து வந்த வரலாறும் ஆதாரம்.

ஒரு சேவலைப் பிடித்துக் கால்களைப் பார்த்தால், செதில் மூடிய கணைக்காலின் உட்புறத்தில், பின்விரலுக்குச் சற்று மேலே முள் புறப்படுவது தெரியும். இளஞ்சேவலுக்கு அது வெறும் புடைப்பு. மாதங்கள் போகப் போகக் கூம்பாக நீள்கிறது. வயது ஏற ஏற மேல்நோக்கியோ உள்நோக்கியோ வளைகிறது. கோழி வாங்கப் போகிறவர்கள் முதலில் முள்ளைப் பார்த்துச் சேவலின் வயதைக் கணிப்பது இதனால்தான். வெளியே தெரியும் பளபளப்பான பகுதி நகத்தைப் போன்ற கொம்புப் பொருளால் ஆன உறை. அதற்கு இரத்தமும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. உறைக்குள்ளே கணைக்கால் எலும்போடு இணைந்த ஓர் எலும்புக் கூர் இருக்கிறது. அதில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. உறையின் நுனியில் மட்டும் சில மில்லிமீட்டர் வெற்றுக் கொம்பாக இருக்கும்; அதைத் தாண்டினால் உயிருள்ள திசு. கறுத்த முள்ளில் இந்த எல்லை கண்ணுக்குத் தெரிவதில்லை. வெளுத்த முள்ளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே சற்று இருண்ட தண்டு மங்கலாகத் தெரியும். அதைத் தொடாமல் நிறுத்திவிட வேண்டும். இந்த எல்லையை அறியாமல் வெட்டியவர்கள்தான் இரத்தம் நிற்காமல் திண்டாடுகிறார்கள்.

முள்ளை அறுக்கும் வழக்கம் பாதுகாப்புக்காகத் தோன்றியதல்ல, சண்டைக்காகத் தோன்றியது. தமிழ்நாட்டுச் சேவல் சண்டையில் இரண்டு முறை உண்டு. வெற்றுக்காலில் பறவை தன் சொந்த முள்ளோடு, நடுவே தண்ணீர் காட்டும் இடைவேளைகளோடு, நெடுநேரம் மோதும். கத்திக்காலில் காலோடு கூரிய கத்தியைக் கட்டிவிடுவார்கள். சில நிமிடங்களில் ஒன்று சாயும். சங்கப் பாடல்களில் வருவது வெறுங்காலோடு மோதும் சேவல். அகநானூற்றில் முருக்கம் பூவுக்கு உவமையாக, போரிடும் சேவலின் சிலிர்த்த கழுத்து வருகிறது. குறுந்தொகையில், விலக்கிவிட ஆளின்றித் தானே மோதி ஓயும் குப்பைக்கோழியை உவமை சொன்னதற்காகவே ஒரு புலவர் குப்பைக் கோழியார் என்று பெயர் பெற்றுவிட்டார். இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே சேவலின் இயற்கை முள்ளை அறுத்துக் குட்டையாக்கி, அந்தக் குற்றியின் மேல் எஃகு அல்லது வெள்ளி முள்ளைத் தோல்வாரால் மாட்டினார்கள். கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் மராத்தியரிடம் விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்களே, அந்த ஆங்கிலேய வணிகர்களின் சொந்த நாட்டில் இது கனவான்களின் பொழுதுபோக்கு. 1835-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்த பிறகுதான் அது அங்கே மறைவிடம் தேடியது. முள்ளை அறுத்தவன் இரக்கத்தால் அறுக்கவில்லை, அதைவிடக் கொடிய ஒன்றை அங்கே பொருத்த அறுத்தான். அறுத்துவிட்டால் சேவல் சாதுவாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த வரலாற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். முள் குட்டையான சேவல் உதைப்பதை விடவில்லை. விட்டிருந்தால் எஃகு முள்ளால் அவர்களுக்கு என்ன பயன்?

ஆபத்து கற்பனை என்று நான் சொல்ல வரவில்லை. 2021 பிப்ரவரியில் தெலங்கானாவின் ஜக்தியால் மாவட்டம் லோத்துனூரில், சண்டைக்குக் கத்தி கட்டியிருந்த சேவல் தன் உரிமையாளரையே தொடையிடுக்கில் வெட்டி, அவர் இரத்தப்போக்கில் இறந்தார். சேவலால் மனிதன் சாவான் என்பதற்கு இந்தச் செய்தியைத்தான் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அங்கே கொன்றது மனிதன் கட்டிய கத்தி, முள் அல்ல. கத்தி இல்லாமலும் சாவு நேர்ந்ததுண்டு. ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன முதிய பெண் ஒருவரின் காலில் புடைத்திருந்த இரத்த நாளச் சுருளைச் சேவல் கொத்தியதில் இரத்தம் நிற்காமல் அவர் இறந்ததை 2019-இல் மருத்துவ ஆய்விதழ் ஒன்று பதிவு செய்தது. அந்தச் சேவலுக்கு முள்ளே இல்லாதிருந்தாலும் அந்தச் சாவு நேர்ந்திருக்கும், ஏனென்றால் தாக்கியது அலகு. முள்ளின் உண்மையான ஆபத்து பெரும்பாலும் இவ்வளவு பெரிதல்ல, ஆனால் அடிக்கடி நேர்வது. குத்திய புண் சிறிய வாயோடு ஆழமாக இறங்கும். குப்பையைக் கிளறிய கால் அழுக்கை உள்ளே கொண்டுபோகும். இரணஜன்னி ஊசி போடாதவருக்கு அது பெரும் சங்கடம். சேவல் எம்பி உதைக்கும் உயரமும் மூன்று வயதுக் குழந்தையின் முகமும் ஏறக்குறைய ஒரே மட்டம். இதைக் குறைத்துச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. பெட்டைகளின் நிலையும் இரங்கத்தக்கது. அணையும்போது முதுகில் ஏறி நிற்கும் சேவலின் நகமும் முள்ளும் இறகைப் பிய்த்துத் தோலைக் கிழித்துவிடும். ஒரே பெட்டையைத் திரும்பத் திரும்பச் சேவல் நாடும் சிறு கொல்லைகளில் முதுகு மொட்டையான பெட்டை அதிசயமே இல்லை.

தென்னார்க்காட்டுக்குச் சேவல் நடுகல் மட்டும் மரபு அல்ல. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு காலத்தில் பெரிய சமணப் பள்ளி இருந்தது. நாவுக்கரசர் சமணராகி, தருமசேனர் என்ற பெயரோடு இருந்தது அங்கேதான் என்கிறது பெரியபுராணம். செஞ்சி அருகே மேல்சித்தாமூரில் சமண மடம் இன்றும் இருக்கிறது. அந்தச் சமணத் தமிழ் நமக்குத் தந்த யசோதர காவியத்தின் மையத்தில் நிற்பது ஒரு கோழி, அதுவும் மாவால் செய்த கோழி. உயிர்ப்பலி வேண்டாம் என்று தயங்கிய மன்னன், தாயின் வற்புறுத்தலுக்காக மாக்கோழி ஒன்றைப் பலியிடுகிறான். அந்த எண்ணத்துக்காகவே தாயும் மகனும் விலங்காகவும் பறவையாகவும் பல பிறவி எடுத்து அல்லல்பட்டு, தாங்களே கோழிகளாகவும் பிறக்கிறார்கள். இந்தக் கணக்கை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் வலி அறியாத மாவுப் பொம்மையை வெட்டும்போதும் வெட்டுகிறவனின் மனம் என்ன ஆகிறது என்று கேட்ட மரபு இது என்பதை மறக்கக் கூடாது. பிறகு 19-ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த, வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் வந்தார். சென்னையை விட்டு வந்து கருங்குழியில் தங்கி, சிதம்பரத்துக்குப் போய்வந்து கொண்டிருந்தவர், 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அவர் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கம் கருணையைக் கடவுள் வழிபாட்டின் ஒரு துணைக்கருவியாக வைக்கவில்லை, வழிபாடே அதுதான் என்றது. சேவலின் வீரத்துக்குக் கல் நட்டதும் சேவலின் வலியைப் பற்றிக் கவலைப்பட்டதும் ஏறக்குறைய ஒரே நிலப்பரப்பு. இரண்டில் ஒன்றை மட்டும் மரபு என்று எடுத்துக்கொண்டு மற்றதை வெளியூர்ச் சரக்கு என்று தள்ள யாருக்கும் உரிமை இல்லை.

வலிக்குமா என்றே ஐயப்படுகிறவர்களுக்கு வருகிறேன். முள்ளை அறுத்த கையோடு கீழே விட்டால் தீனி பொறுக்கப் போய்விடுகிறதே, வலித்தால் கத்தாதா என்பது அவர்கள் கேள்வி. வேட்டைக்கு இரையாகும் பறவை நோவை வெளிக்காட்டாது. காட்டினால் அன்றே பருந்து வாய்க்குப் போகும். அமைதியாக இருப்பதை வைத்து வலி இல்லை என்று தீர்ப்பு எழுத முடியாது. எடின்பரோவில் புரூவர்டும் ஜென்டிலும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு கோழியின் அலகைப் பற்றியது. சூடான தகட்டால் அலகு வெட்டப்பட்ட கோழிகளின் குற்றியில் அறுபட்ட நரம்பு முனைகள் முடிச்சாகத் திரண்டு, தூண்டுதல் இல்லாமலே தாறுமாறாகச் சைகை அனுப்பிக்கொண்டிருந்ததை அவர்கள் பதிவு செய்தார்கள். மனிதருக்குக் கை, கால் துண்டித்த பிறகு குற்றியில் வரும் நெடுநாள் வலியோடு ஒப்பிடத்தக்க அடையாளம் அது. முள் அலகல்ல, உண்மை. ஆனால் அதன் அடியிலும் நரம்புள்ள எலும்பு இருக்கிறது. அறுபட்ட நரம்பு அலகில் ஒரு விதமாகவும் காலில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும் என்று நம்பக் காரணமில்லை. மேல்நாட்டுக் கொல்லைகளில் சுடச்சுட வெந்த உருளைக்கிழங்கை முள்ளில் குத்திவைத்து, உறை இளகியதும் குறடால் திருகிக் கழற்றும் முறை ஒன்று உண்டு. இணையக் காணொளி வழியாக அது இங்கேயும் வந்துகொண்டிருக்கிறது. வெட்டுவதில்லையே, இரத்தம் அதிகம் வருவதில்லையே என்பார்கள். கழன்ற உறைக்கு அடியில் இரத்தச் சிவப்பாக நிற்பது தோலில்லாத உயிர்த்திசு. அது காய்ந்து கெட்டிப்பட நாட்கள் ஆகும். அதுவரை அந்தச் சேவல் குப்பையிலும் எச்சத்திலும் அந்தக் காலோடுதான் நடக்க வேண்டும். சூடு அளவு மீறினால் கணைக்காலே வெந்துவிடும். உறை மறுபடி வளர்ந்துவிடுவதால், செய்தவர் சில மாதம் கழித்து அதையே திரும்பச் செய்ய நேரும். ஒரு பயனும் நிலைக்காத வலி இது.

நாளைக்குக் குழம்பாகப் போகிற சேவலுக்கு இவ்வளவு யோசனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. புலால் மறுத்த வள்ளலாரைத் துணைக்கழைத்துவிட்டு, கறி தின்னும் ஊருக்கு எப்படி உபதேசம் செய்யலாம் என்றும் கேட்பார்கள். வள்ளலாரின் அளவுகோல் நம்மில் பெரும்பாலோர் எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதற்காகக் கீழ்ப்படியும் வேண்டாம் என்று ஆகிவிடாது. உணவுக்காகக் கொல்வதை ஏற்கிறவரும், கொல்லும் நாள்வரை துன்புறுத்தலாம் என்பதை ஏற்பதில்லை. நம் சட்டமும் அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, உணவுக்காகக் கொல்வதை விட்டுவிட்டுத் தேவையற்ற வலியையும் உறுப்புச் சிதைப்பையும் குற்றமாக்குகிறது. மாட்டுக்குக் கொம்பு நீக்குதல், காயடித்தல், சூடுபோடுதல், மூக்கணாங்கயிறு குத்துதல் ஆகியவற்றுக்கு, விதித்த முறையில் செய்தால், விலக்கு தருகிறது. அந்த விலக்குப் பட்டியலில் சேவலின் முள் இல்லை. கேளிக்கைக்காக விலங்குகளை மோதவிடுவதையும் அதே பிரிவு தடுக்கிறது; 2014 மே 7-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சுட்டிக்காட்டியது. சண்டைக்காக முள்ளைச் சீவிக் கூராக்குவதற்கும், சண்டைக்காக அறுத்துக் கத்தி கட்டுவதற்கும் ஆகவே எந்த நியாயமும் மிச்சமில்லை.

எதிர்ப்பக்கத்து வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். இயற்கை கொடுத்ததை இம்மியும் தொடாதே என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொல்லைச் சேவல் இயற்கையில் வாழவில்லை. காட்டுக்கோழி நரிக்கும் பருந்துக்கும் தப்பிக் கிழடாவது அரிது. கோயிலுக்கு நேர்ந்துவிட்டதோ செல்லமாக வளர்ந்ததோ ஆன சேவல் பல ஆண்டு வாழ்கிறது. அதன் முள் வளைந்து வளைந்து மறுகாலை உரசும்; சில சமயம் திரும்பி அதே காலின் சதையில் பதியும். அப்போது சேவல் காலை அகட்டி அகட்டி நடக்கிறது, பரணில் ஏற மறுக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் வலியைத் தருவதுதான், கத்தி எடுக்காமலே தருகிறோம் என்பது மட்டுமே வேறுபாடு. இந்த நிலையில் நுனியைக் குறைத்தே ஆக வேண்டும். செய்யும் முறை எளிது. இருட்டிய பிறகு சேவல் பரணில் அடைந்திருக்கும்போது எடுத்தால் திமிறாது. ஒருவர் துணியால் சுற்றி மடியில் வைத்து இரண்டு காலையும் பிடிக்க, மற்றவர் அரத்தால் நுனியைத் தேய்த்து உருட்ட வேண்டும். கத்தரியைவிட அரம் நல்லது. உறை நொறுங்கிப் பிளவுபடாது, எல்லை தாண்டுமுன் கை நின்றுவிடும். ஒரு முறையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும். சில வாரம் கழித்து மறுபடி தேய்க்கலாம். தவறி இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றக் கோழிகள் இரத்தத்தைக் கண்டால் கொத்தும் என்பதால் காயம் ஆறும்வரை தனியே அடைப்பது அவசியம். சதைக்குள் பதிந்துவிட்ட முள்ளை வீட்டில் தொடவே கூடாது. அது கால்நடை மருத்துவரின் வேலை.

மழுங்கிய நுனி ஆழமாக இறங்காது; குழந்தைக்கும் பெட்டைக்கும் உள்ள ஆபத்தில் பெரும்பகுதி அதிலேயே குறைந்துவிடும். மீதியைச் சேவலின் காலில் தேடாமல் வளர்ப்பில் தேட வேண்டும். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டைகள் இருந்தால் ஒரே முதுகு கிழிபடாது. இரண்டு பெட்டைக்கு இரண்டு சேவல் என்று வைத்துக்கொண்டு முள்ளைக் குறை சொல்வதில் பயனில்லை. சேவல் பெரும்பாலும் தாக்குவது பெட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் காவலாகத்தான். ஓடுகிற சிறு உருவத்தைப் போட்டியாக எண்ணிப் பாய்கிறது. குழந்தை விளையாடும் நேரத்தில் அதைக் கூண்டிலோ வலைக்குள்ளோ அடைப்பதற்கு எந்தக் கத்தியும் வேண்டியதில்லை. எத்தனை முறை பழக்கியும் ஆள்மேல் பாயும் சேவலை அந்த வீட்டில் வைத்திருப்பதே தவறு. அதன் முள்ளை அறுத்து வைத்திருப்பது அலகையும் நகத்தையும் மறந்துவிட்ட ஏற்பாடு.

ஆகவே கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கொல்லைகளில் கோழி வளர்ப்போருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். முள் கூராக இருந்தால் அரத்தால் நுனியை மழுக்குங்கள். வளைந்து காலைத் தொடத் தொடங்கினால் தள்ளிப்போடாதீர்கள். அடியை வெட்டாதீர்கள், உறையைத் திருகிக் கழற்றாதீர்கள், வெந்த கிழங்கை முள்ளருகே கொண்டு போகாதீர்கள். குழந்தைக்கு இரணஜன்னித் தடுப்பூசி முறையாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையில் எடுத்த முள்ளில் எது நுனி, எது அடி என்று தெரியவில்லையென்றால், அந்தச் சேவலை அப்படியே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள்.